பழைய கன்வஸ் கனூவுக்கு பைபர்கிளாஸ் ஒட்டினால் என்ன?

15 ஏப்ரல் 2023, கேள்வி

ஒன்ராறியோவின் ஹலிபர்ட்டன் பக்கம் ஒரு வீட்டு விற்பனையில் 16 அடி மரக் கனூ (ஒடுங்கிய துடுப்புப் படகு) ஒன்று 250 டொலருக்கு வாங்கினேன். வெளியே பச்சைப் பெயின்ற் அடித்த கன்வஸ், பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. உள்ளே மரம் நல்லாத்தான் இருக்கிறது. நாலைந்து விலாச் சட்டம் மட்டும் முறிந்திருக்கிறது. கன்வஸை உரித்தெறிந்துவிட்டு பைபர்கிளாஸ் ஒட்டு, இரண்டு நாள் வேலை, பிறகு ஆயுளுக்கும் தொடத் தேவையில்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்தால் என்ன?

15 ஏப்ரல், மதியம்

செய்யாதே தம்பி. வேலையில் நிற்கிறேன், இரவு எழுதுகிறேன். அதுவரை கனூவை நிலத்தில் கவிழ்த்துப் போடாமல் எதன் மேலாவது தூக்கி வை.

15 ஏப்ரல், இரவு

2016இல் நான் வாங்கிய கனூவுக்கு எனக்கு முன்பிருந்த யாரோ இந்த இரண்டு நாள் வேலையைச் செய்திருந்தார்கள். அதை உரிக்க எனக்குப் பதினொரு இரவு பிடித்தது. ஹீற் கன்னால் ஒரு சாண் அளவுக்குச் சூடாக்க வேண்டும், தட்டையான கத்தியை அடியில் விட்டு மெல்லத் தூக்க வேண்டும், கொஞ்சம் அவசரப்பட்டால் சீடார் பலகையின் மேல்நாரும் சேர்ந்து வந்துவிடும். உரித்த இடங்களில் பாதி மரம் தேயிலைச்சாயம் பிடித்த மாதிரிக் கறுத்திருந்தது. ஒரு முனையில் விரலால் குத்தினால் உள்ளே போனது.

காரணம் எளிது. கனூவின் உள்பக்கம் திறந்து கிடக்கிறது. மழையும் துடுப்பில் வடியும் தண்ணீரும் பலகை இடுக்கால் இறங்கும். கன்வஸ் மரத்தில் ஒட்டப்பட்டதில்லை, இழுத்துப் போர்த்தப்பட்டது. அதனால் மரம் ஊறும், காயும், கூடும், குறையும். அதற்கு இடம் இருக்கிறது. பைபர்கிளாஸ் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். இறங்கிய ஈரம் அங்கேயே தங்கும். மரம் அசையப் பார்க்கும், பிசின் விடாது. கடைசியில் தோற்பது மரம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கனூவில் எதைத் திருத்துவதென்றாலும் தோலைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். கன்வஸ் போட்டால், முப்பது வருடம் கழித்து உன் பிள்ளை நாலு ஆணியைப் பிடுங்கிக் கழற்றுவான். பைபர்கிளாஸ் போட்டால் அவன் என்னைப் போல ஹீற் கன்னோடு பதினொரு இரவு நிற்பான்.

16 ஏப்ரல்

"சீடார் ஸ்ட்ரிப் கனூவெல்லாம் பைபர்கிளாஸில்தானே செய்கிறார்கள், அவை உக்கிப் போகவில்லையே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. அவை வேறு சாதி. மெல்லிய கீற்றுகளை விளிம்போடு விளிம்பு பசையிட்டு ஒட்டி, உள்ளும் புறமும் பிசின் துணி போர்த்துவார்கள். விலாச் சட்டமே கிடையாது. மரம் இரண்டு கண்ணாடித் தாளுக்கு நடுவே அடைபட்டுக் கிடப்பதால் ஈரம் உள்ளே போக வழியில்லை. ஒரு பக்கம் மட்டும் அடைத்து மறுபக்கத்தைத் திறந்து விடுவதைப் பற்றித்தான் நேற்று எழுதினேன். "பைபர்கிளாஸே கூடாது" என்ற தொனி வந்திருந்தால் அது என் பதினொரு இரவின் கோபம்.

22 ஏப்ரல்

படங்கள் பார்த்தேன். உன் கனூ பீற்றர்பரோ கம்பனி செய்தது இல்லை, செஸ்நட் கம்பனி செய்தது. தளப்பலகையின் (முனையை மேலே மூடும் சிறு பலகை) வெட்டைப் பார்த்தே சொல்லலாம்.

23 ஏப்ரல்

நேற்று எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். தனிமடலில் ஒருவர் என் காதைத் திருகிவிட்டார், நியாயமாகத்தான்.

செஸ்நட் நியூ பிரன்சுவிக்கின் பிரெடரிக்டன் நகரத்துக் கம்பனி. குடும்பத்துக்கு இரும்புக்கடை இருந்தது. எல்லைக்கு அந்தப்பக்கம் மெயின் மாநிலத்தில் செய்த கன்வஸ் கனூ ஒன்றைப் பார்த்து அதே மாதிரி செய்யத் தொடங்கினார்கள். பீற்றர்பரோ கம்பனி ஒன்ராறியோவில், அதற்கும் முன்பிருந்தே மரக் கனூ செய்தது. 1920களில் இரண்டும் ஒரே தாய்க் கம்பனியின் கீழ் வந்துவிட்டன. அதன்பின் பீற்றர்பரோ என்று பெயர் ஒட்டி விற்ற கன்வஸ் கனூக்களில் பல, பிரெடரிக்டனில் செஸ்நட் அச்சில் பிறந்தவை. ஆக, நான் மீசை முறுக்கிச் சொன்ன வித்தியாசம் பல நேரம் வெறும் ஸ்டிக்கர் வித்தியாசம்.

அமெரிக்க ஓல்ட் டவுன் கம்பனிக் கனூ என்றால் இந்தத் தலையிடி இல்லை. முனைக்கட்டையின் (படகின் முனையில் வளைந்து நிற்கும் கட்டை) உட்புறத்தில் தொடர் எண் குத்தியிருப்பார்கள். எந்த மாதம், என்ன நிறம், எந்த ஊருக்கு அனுப்பியது என்ற பழைய அட்டைகள் இன்றும் இருக்கின்றன. செஸ்நட்காரர் 1970களின் இறுதியில் கடையை மூடினார்கள். அப்படி ஒரு பதிவேட்டை நமக்கு விட்டுவைக்கவில்லை. நீளம், அகலம், வங்கின் அகலம், இருக்கை, தளப்பலகை இவற்றை அளந்து ஊகிக்க வேண்டியதுதான்.

(வங்கு என்றால் படகின் விலாச் சட்டம். ஊரில் வள்ளம் கட்டும் ஆசாரிமார் சொல்லும் சொல். இனி அதையே எழுதுகிறேன், "விலாச் சட்டம்" என்று தட்டக் கை வலிக்கிறது.)

6 மே

வெளி விளிம்புச் சட்டத்தைக் கழற்றியதும் கன்வஸ் முழுசாகக் கழன்று வந்தது, பாம்புச் சட்டை மாதிரி என்று எழுதியிருந்தாய். அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும். இனி இரண்டு கெட்ட செய்தி.

ஒன்று, பழைய கன்வஸின் இழை அடைக்கப் பூசிய கலவையில் ஈயம் இருக்கும். அந்தக் காலத்தில் ஆளிவிதை எண்ணெயோடு வெள்ளை ஈயம் சேர்த்துத்தான் பூசினார்கள். உலர்ந்த சட்டையை கராஜுக்குள் உதறாதே, உரசாதே. வெளியில் நனைத்துச் சுருட்டி, நகரசபையின் அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடு. முகமூடி போடு. பிள்ளைகளைக் கிட்ட விடாதே.

இரண்டு, நீ எண்ணிய முறிந்த வங்கு ஐந்து. முனைகளைப் பார்த்தாயா? தளப்பலகைக்கு அடியில், உள் விளிம்புச் சட்டத்தின் நுனியும் முனைக்கட்டையும் சேரும் மூலை. கனூவை நிலத்தில் கவிழ்த்து வைத்தால் முதலில் மண்ணைத் தொடுவது அந்த நாலு நுனியும்தான். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து மெல்ல அழுத்திப் பார்.

7 மே

நாலில் மூன்று நுனி உக்கியிருக்கிறதா. சரி. அழாதே. எனக்கு நாலும்.

20 மே

வார்னிஷ் கரைக்கும் மருந்து பற்றி: பழுப்பு வார்னிஷ் கூழாகி வந்த பிறகு பித்தளை பிரஷ்ஷால் நார் போகும் திசையிலேயே தேய், குறுக்கே தேய்த்தால் சீடாரில் கீறல் நிற்கும். நன்றாகக் கழுவிக் காயவிட்ட பின் கறுத்த இடங்களுக்கு ஒக்ஸாலிக் அமிலம். முக்கால்வாசிக் கறை போகும், மிச்சத்தை வயதுக்கு மரியாதை என்று விட்டுவிடு.

என் மனிசி அந்த மாதம் முழுக்க என்னைக் குசினிக்குள் விடவில்லை. சாப்பாடு கராஜ் வாசலுக்கே வந்தது.

11 ஜூன்

வங்கு வளைப்பது பற்றிக் கேட்டிருந்தாய். இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், நான் அதிகம் அடிபட்ட இடம்.

முதலில் மரம். பெரிய கடையில் சூளையில் உலர்த்திய சீடார் வாங்கி, அளவாகச் சீவி, ஆவியில் வைத்தேன். முதல் வங்கு பாதி வளைவில் "படக்" என்றது. இரண்டாவதும். மூன்றாவது வளைந்து முடிந்து, நான் கையை எடுத்து மூச்சு விட்டபிறகு வெடித்தது. சூளையில் ஒரேயடியாக உலர்ந்த மரம் நார் இறுகிப் போயிருக்கும், பிறகு ஆவியில் வைத்தாலும் இளகாது. பிறகு ஒரு விவசாயியின் மரவாடியில் காற்றில் மட்டும் காய்ந்த வெள்ளை சீடார் கிடைத்தது. கணு இல்லாத, நார் நேராக ஓடும் பலகையாகத் தேடி எடுத்தேன். பத்துப் பலகை புரட்டினால் ஒன்று தேறும். ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டேன்.

ஆவிப்பெட்டி பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாலு பலகையை நீளப் பெட்டியாக அடித்து, சுவர்த்தாள் உரிக்கும் ஆவி இயந்திரத்தின் குழாயை ஒரு முனையில் செருகி, மறுமுனையில் பழந்துணி அடைத்தேன். பார்த்த மாமி "இது நெடுக்கிப் படுத்த புட்டுக்குழல்தானே" என்றார். உண்மையில் அதேதான். புட்டைப் போலவே இதிலும் ஆவி நன்றாக வரத் தொடங்கிய பிறகே நேரம் எண்ண வேண்டும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் என்பது கணக்கு. வங்கு 5/16 அங்குலம், ஆக இருபது நிமிடம்.

எடுத்ததும் நிமிடம் கூடக் கிடையாது. தடித்த கையுறை. கவிழ்த்து வைத்த கனூவின் வெளிப்புறத்தில், நடுவை முழங்காலால் அழுத்தி, இரண்டு கையாலும் ஒரே சீராகக் கீழே இறக்க வேண்டும். சரியாக வெந்த மரம் கையில் ஈரத்தோல் பட்டி மாதிரி இறங்கும். ஒரு வாசம் வரும், மழை விழுந்த காட்டு வாசம்.

இதில் ஒரு சூட்சுமம். வங்கு இருக்கப்போவது உள்ளே, நீ வளைப்பது வெளியே. பலகைத் தடிப்பு அளவுக்கு வெளிவளைவு பெரிது. அதனால் முறிந்த இடத்துக்கு நேர்மேலே வளைக்காமல், முனைப்பக்கமாக ஒன்றிரண்டு வங்கு தள்ளி, உடல் கொஞ்சம் ஒடுங்கும் இடத்தில் வளை. இரண்டு நாள் கட்டிவைத்துக் காயவிட்டு எடுத்தால் உள்ளே போய்க் கச்சிதமாக உட்காரும்.

12 ஜூன்

மேலே சொல்ல மறந்தது: பழைய வங்கை எடுக்கும்போது நெம்பாதே. பலகை முறியும். உளியால் ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே வங்கை நெடுக்காகப் பிளந்து, துண்டு துண்டாக எடு. ஆணியைக் கடைசியில் பிடுங்கு.

3 ஜூலை

இன்று காலை என் கனூவைப் பார்த்துக்கொண்டு கோப்பி குடிக்கும்போது தோன்றியது. நான் பதினான்கு வங்கு மாற்றினேன். உண்மையில் மாற்ற வேண்டியவை ஆறோ ஏழோதான். மீதியில் மயிரிழை வெடிப்பு மட்டும். வெளிப்பக்கமிருந்து மெல்லிய துண்டு ஒன்றைப் பதித்து ஒட்டியிருந்தால் இன்னும் முப்பது வருடம் இருந்திருக்கும். வளைக்கக் கை பழகியதும் வளைக்கும் ஆசை வந்துவிட்டது. இப்போது நடுப்பகுதி முழுக்கப் புது மரத்தின் வெளிர் நிறம், முனைகளில் பழைய தேன் நிறம். பல்செட் கட்டிய தாத்தா மாதிரி இருக்கிறது. சாயம் பூசிப் பார்த்தேன், இன்னும் மோசம். உன்னுடைய ஐந்தை ஐந்தாகவே வைத்துக்கொள்.

30 ஜூலை

ஆணி மடக்குவதைத் தனியே செய்ய முடியுமா என்றால், முடியும், ஆனால் செய்யாதே. வெளியிலிருந்து பித்தளை ஆணியை அடிப்பவர் ஒருவர், உள்ளே வங்கின் மேல் கனமான இரும்பை அழுத்திப் பிடிப்பவர் ஒருவர். ஆணியின் கூர் பலகையையும் வங்கையும் துளைத்து வந்து இரும்பில் முட்டி, வழியில்லாமல் வளைந்து, திரும்ப மரத்துக்குள்ளேயே இறங்கும். கம்பனியில் செய்தபோது இந்த இரும்பு வேலையை அச்சே பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு வங்கின் அடியிலும் இரும்புப் பட்டை ஓடும் அச்சு அது.

எனக்கு உள்ளே பிடித்தது மகள், அப்போது பன்னிரண்டு வயது. முதல் நாளே சத்தத்தை வைத்துச் சொல்லப் பழகிவிட்டாள். கூர் இரும்பில் பட்டால் கணீர், ஆணி படுத்ததும் மொத்தென்று. "படுத்துட்டுது அப்பா, அடுத்தது." சுத்தியல் தவறி விழுந்து பலகை குழிந்தால் பயப்படாதே, கொதிதண்ணீர் ஊற்று, ஊதி மேலே வரும்.

14 அக்டோபர்

தம்பிக்கு மரவேலை முடிந்ததாம், இந்த மாதமே கன்வஸ் போடலாமா என்கிறான். இழுத்துக் கட்டலாம், ஆனால் நிரப்புக் கலவை காய வெப்பம் வேண்டும். ஜனவரியில் சூடேற்றாத கராஜில் எண்ணெய் காயாது, வெறுமனே உட்கார்ந்திருக்கும். உள்ளே வார்னிஷும் வெளிப்பலகைக்கு ஆளிவிதை எண்ணெயும் இப்போது கொடுத்துவிட்டு மே வரை பொறு. எண்ணெய் துடைத்த துணியைக் குவித்துப் போடாதே, தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடு, அல்லது தண்ணீர் வாளியில் போடு.

2 டிசம்பர்

பனிக்காலம், வேலை இல்லை, அதனால் வம்பு. "எங்களுக்கென்று கட்டுமரமும் வள்ளமும் இருக்க, வெள்ளைக்காரன் படகில் என்ன மினக்கேடு" என்று ஒருவர்.

முதல் விஷயம், இது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பும் இல்லை. பூர்வகுடிகளின் பேர்ச் மரப்பட்டைக் கனூதான் தாய். மெயினில் பெனொப்ஸ்கொட் ஆற்றங்கரைப் பக்கம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பட்டைக்குப் பதில் கன்வஸ் வந்தது. ஆனால் கட்டும் ஒழுங்கு தலைகீழானது. பட்டைக் கனூவில் தோல்தான் முதலில். பட்டையை விரித்து வடிவம் கொடுத்து, உள்ளே மெல்லிய கீற்றுகளை அடுக்கி, கடைசியில் வங்குகளை முறுக்கி நெருக்குவார்கள். அந்த நெருக்கலில்தான் தோல் விறைக்கும். கன்வஸ் கனூவில் அச்சின் மேல் வங்கு முதல், பிறகு பலகை, தோல் கடைசி. அதனால்தான் இன்று உன்னால் தோலை மட்டும் கழற்ற முடிகிறது.

இரண்டாவது, வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் பாய் விரித்து மாசச்சூசெற்ஸ் மாநிலத்து குளொஸ்ரர் துறைமுகம் வரை போனது. எங்கள் மரம் அவர்கள் கரைக்குப் போன மாதிரி அவர்கள் மரம் என் கராஜுக்கு வந்திருக்கிறது. கணக்குச் சரி.

19 மே 2024

நேற்று தம்பியின் வீட்டில் கன்வஸ் இழுத்தோம். 10ஆம் நம்பர் பருத்திக் கன்வஸ், 60 அங்குல அகலம், 19 அடி. நெடுக்காக இரண்டாக மடித்தால் தொட்டில் மாதிரித் தொங்கும். இரு முனையையும் பலகைகளுக்கு இடையில் கடித்துப் பிடிக்கவைத்து, ஒன்றை கராஜ் தூணிலும் மற்றதை வண்டியின் கொக்கியில் கையால் இழுக்கும் வின்ச்சிலும் மாட்டினோம். நடுவே கனூவைத் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல் இறக்கி, மேலே கூரை வளையிலிருந்து கட்டை முட்டுக் கொடுத்து அழுத்தினோம்.

வின்ச் ஒவ்வொரு பல்லாக ஏற ஏற, கன்வஸ் மடிப்பெல்லாம் மறைந்து உடலோடு ஒட்டியது. விரலால் சுண்டினால் மத்தளம். பிறகு நடுவிலிருந்து தொடங்கி, அகலவாய்க் குறட்டால் கன்வஸை மேலே இழுத்து, ஒவ்வொரு வங்கு நுனியிலும் இரண்டு ஆணி. இந்தப் பக்கம் ஒன்று முடிந்தால் அந்தப் பக்கம் ஒன்று.

முனையில் கன்வஸைக் கீறி ஒன்றன்மேல் ஒன்று மடிக்கும்போது நான் அரை அங்குலம் அதிகமாக வெட்டிவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. என் மனிசி என்றால் சொல்லியிருப்பார். பித்தளைப் பட்டை மேலே வருவதால் மறையும், ஆனால் எனக்கு அது அங்கே இருப்பது தெரியும்.

பஞ்சு மயிரைச் சுவாலையால் லேசாகப் பொசுக்கிவிட்டு, மாலையிலேயே கலவை பூசினோம்: காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், சிலிக்கா மா, எண்ணெய்ப் பெயின்ற், கரைப்பான், கொஞ்சம் உலர்த்தி. ஈயம் இல்லை. முதலில் பிரஷ், பிறகு மிச்சக் கன்வஸில் தைத்த கையுறையால் வட்டம் வட்டமாக, இழை மறைந்து மேற்பரப்பு மினுங்கும்வரை. தோள்பட்டை இன்றும் வேலை செய்யவில்லை.

21 மே

"பெயின்ற் அடிக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?" போன வருடம் ஏப்ரலில் தனிமடலில் மூன்று வாரம் என்று சொல்லியிருந்தேனாம். அதை மறந்துவிடு. ஆறு வாரம்.

உண்மையைச் சொல்கிறேன். என்னுடையதில் நான் மூன்று வாரத்தில் பெயின்ற் அடித்தேன். தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருந்தது. அடியில் எண்ணெய் இன்னும் பச்சை. பத்தாம் நாள் காலை போய்ப் பார்த்தால் பெயின்ற் முழுக்கக் காய்ச்சின பாலின் ஆடை மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. உரசி எடுத்து, மறுபடி காயவிட்டு, அந்த வருடக் கோடை அப்படியே போனது. "மூன்று வாரம்" என்பது என் வாயில் எப்படி வந்ததென்று தெரியவில்லை. செய்த பிழையே உபதேசமாகிவிடுகிறது.

9 ஜூன்

பொறுக்க முடியாதவனைக் கூட்டிக்கொண்டு பீற்றர்பரோ நகரத்துக் கனூ அருங்காட்சியகம் போய் வந்தேன். போன மாதம்தான் ஏரிக்கரையில் புதுக் கட்டடத்துக்கு மாறியிருக்கிறார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட கனூவும் கயாக்கும். அவன் பட்டைக் கனூக்களின் முன் நின்று தையலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் பழைய செஸ்நட் ஒன்றின் தளப்பலகையை ஐந்து நிமிடம் பார்த்தேன். போன ஏப்ரலில் நான் சொன்ன "வெட்டு" அதில் வேறு மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, இங்கே மட்டும்.

6 ஜூலை

ஏழு வாரம். நகத்தால் அழுத்தினால் தழும்பு விழவில்லை. உரசி, முதல் பூச்சுப் போட்டாயிற்று. பச்சையா சிவப்பா என்று ஒரு வாரம் சண்டை. கனூப் படங்கள் எடுத்த கனடாக்காரர் பில் மேசன் ஓட்டியது சிவப்புச் செஸ்நட் என்பதால் எல்லோரும் சிவப்பு கேட்கிறார்கள். அவன் பழைய பச்சையையே எடுத்தான். நல்லது, பாறையில் உரசினால் சிவப்பில் கீறல் பளிச்சென்று தெரியும்.

10 ஆகஸ்ட், காலை

இன்று இறக்குகிறான். ஹலிபர்ட்டனிலேயே, வாங்கிய ஊர் ஏரியில். தூக்கும்போது 35 கிலோவுக்குக் குறையாது, நடுக் குறுக்குச் சட்டத்தைத் தோளில் வாங்கு, முதுகில் வாங்காதே. கரையில் இழுக்காதே. மிதக்கவிட்டு ஏறு, மிதக்கும்போதே இறங்கு.

10 ஆகஸ்ட், இரவு

படம் வந்தது. தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இல்லையாம். முன்னால் மகன் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான்.

கூடவே இன்னொரு செய்தி: முதல் நாளே பாறையில் உரசி, அடியில் ஒரு சாண் நீளக் கீறல். மனம் விட்டுப் போய் எழுதியிருக்கிறான்.

தம்பி, கன்வஸ் கிழிந்ததா, பெயின்ற் மட்டுமா? நகத்தை ஓட்டிப் பார், இழை தட்டுப்படுகிறதா? நடு வங்கிலிருந்து எத்தனையாவது? நாளை வெளிச்சத்தில் கிட்ட வைத்து ஒரு படம் எடுத்துப் போடு.